ஆடி கழியட்டும் என்று தள்ளி வைத்த வீடு

நான் ஓய்வு பெற்ற மறுமாதமே என் மேசையை அப்புறப்படுத்திவிட்டு அந்த இடத்தில் ஒரு பெரிய செடித்தொட்டி வைத்திருக்கிறார்கள் என்று கேள்வி. செடி நன்றாக வருகிறதாம். என் வேலையை இப்போது ஒரு செயலி செய்கிறது. வாடிக்கையாளர் தன் கைப்பேசியில் பச்சையாகத் தெரியும் தேதிகளில் ஒன்றைத் தொட்டால் போதும், சூரியத் தகடும் பேட்டரியும் மாட்ட ஆட்கள் வந்து நிற்பார்கள். அந்தச் செயலிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்று அலுவலகத்திலிருந்து ஷாலினி போன் செய்தாள்.

"பரமேஸ் அக்கா, நீங்க எப்படி டேட் குடுப்பீங்கன்னு கொஞ்சம் எழுதி அனுப்புங்க லா. ஒன் பேஜ் போதும். அந்த ஆடி மாச ரூல் பத்தியும் எழுதுங்க. சிஸ்டம்ல போடலாமான்னு பாஸ் கேக்கிறாரு."

ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். ஆடி மாத விதியை மட்டும் எழுதவில்லை. அதற்கு ஒரு பக்கம் போதாது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இருபது ஆண்டு ஒரு லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் போன் எடுத்தேன். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் வீட்டுக்குப் பேசுவதற்கு முன்னால் என்னிடம்தான் பேசுவார்கள். அதனால் பதற்றத்தில் இருப்பவர்களிடம் சாதாரணமாகப் பேசுவது எனக்குக் கைவந்த கலை. பிறகு ஜூரோங்கில் இருந்த இந்தச் சூரியசக்தி கம்பெனிக்கு மாறினேன். வீடு பாசிர் ரிஸ்ஸில். ரயில் பாதையின் ஒரு கோடியில் வீடு, கிட்டத்தட்ட மறுகோடியில் வேலை. தினமும் தீவை நீளவாக்கில் கடந்தேன். புறப்படும் நிலையம் என்பதால் காலையில் உட்கார இடம் கிடைக்கும் என்பது ஒன்றுதான் லாபம்.

வேலை இதுதான். அடுக்குமாடியில் இல்லாமல் சொந்தக் கூரை உள்ள தரைவீட்டுக்காரர் ஒருவர் சூரியத் தகடும் பேட்டரியும் வேண்டுமென்று கையெழுத்துப் போடுகிறார். வரைபடம் போகிறது, மனு போகிறது, கேள்வி வருகிறது, பதில் போகிறது, கடைசியில் அனுமதி வருகிறது. அன்றைக்கு அவர் குடும்பத்தோடு வெளியே போய்ச் சாப்பிடுகிறார். மறுநாள் காலை எனக்குப் போன் செய்து, "பர்மிட் வந்திடுச்சே, எப்ப வர்றீங்க?" என்கிறார். எல்லாம் முடிந்தது என்று அவர் நினைப்பார். அவருடைய கோப்பு அன்றைக்குத்தான் என் மேசைக்கே வந்திருக்கும்.

ஒரு தேதி கொடுக்க வேண்டுமானால் ஐந்து பேர் ஒரே நாளில் ஒத்துவர வேண்டும். சாரம் கட்டுபவர்கள், கூரை ஏறும் குழு, உரிமம் வாங்கிய எலக்ட்ரீஷியன், பேட்டரி கொண்டுவரும் லாரி, மீட்டர் மாற்ற வரும் ஆள். வரிசை வீடாக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்து ஆறு பேர், ஏனென்றால் சாரத்தின் ஒரு கால் அவர் பக்கம் ஊன்றும். இந்த ஆறு பேரும் ஒத்துவந்த பிறகு மழை ஒத்துவர வேண்டும். பேட்டரி தனி விவகாரம். அனுமதி வரைபடத்தில் எந்தச் சுவரோ அந்தச் சுவரில்தான் மாட்ட வேண்டும். வீட்டுக்காரர் கார் கதவு இடிக்கிறதென்று ஓரடி தள்ளச் சொன்னால், மறுபடி மனு, மறுபடி கேள்வி, மறுபடி என் மேசை.

எங்கள் மேலாளர் மிஸ்டர் லிம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆங்கிலத்தில்தான் பேசுவார், அதிலும் சிக்கனம். ஒரு தேதியை எழுதிக்கொண்டு அவர் அறைக்குப் போனால் நிமிர்ந்து பார்க்காமலே மூன்று கேள்வி கேட்பார். கூரையில் யார்? ஒயரில் யார்? வீட்டில் யார்? மூன்றுக்கும் பெயர் சொன்னால் "கேன்" என்பார், முடியும் என்று அர்த்தம். ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் "கேனாட்" என்பார். அதற்குமேல் விளக்கம் கேட்டால் மேசை மேல் இருக்கும் தாளைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். "ஒரு வீடு, ஒரு தடவை" என்பது அவர் விதி. தகடு, பேட்டரி, மீட்டர் எல்லாம் ஒரே போக்கில் முடிய வேண்டும். பாதி வேலை செய்துவிட்டு வந்தால் மீதியை யாரும் முடிக்க மாட்டார்கள் என்பது அவர் அனுபவம்.

மூன்றாவது கேள்விக்கு மட்டும் நான் எப்போதும் ஒரே பதில்தான் சொல்வேன். "கேட்டைத் திறக்க ஆள் இருக்கு." அவர் கேட்டதும் அதைத்தான் என்று நினைத்தேன்.

இனி ஆடிக்கு வருகிறேன். நான் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஒரு தமிழ்க்காரர் வீட்டுக்குத் தேதி கொடுத்தேன். காலை எட்டரைக்கு ஆறு ஆட்களும் ஒரு லாரி சாரமும் அவர் வாசலில் நின்றன. வீட்டுக்காரர் போன் செய்தார்.

"யாருங்க இந்த டேட் குடுத்தது?"

"நான்தாங்க. பரமேஸ்வரி."

"நீங்க தமிழ்தானே? ஆடி பொறந்து மூணு நாள்தான் ஆகுது. ஆடியில வந்து கூரைய ஓட்டை போடச் சொல்றீங்களே!"

கூரையை நாங்கள் ஓட்டை போடுவதில்லை, பிடிமானம்தான் வைக்கிறோம் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. ஆறு பேரும் முக்குக் காப்பிக்கடையில் தே தாரே குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். மிஸ்டர் லிம் தாளைப் பார்த்தார்.

"நீங்க தமிழ்தானே" என்று அவர் கேட்டது எனக்கு உறைத்துவிட்டது. அந்த வாரமே லிட்டில் இந்தியாவுக்குப் போய் ராகு காலம், எமகண்டம் போட்ட தினசரி நாட்காட்டி ஒன்று வாங்கி வந்து மேசைக்கு மேலே மாட்டினேன். ஆவிகள் உலவும் என்று சீனர்கள் அஞ்சும் ஏழாம் மாதத்துக்கு அவர்கள் நாட்காட்டி ஒன்று. நோன்பு மாதத்தில் மலாய் வீடுகளில் நாலு மணிக்குள் வேலை முடிய வேண்டும் என்று ஒரு குறிப்பு. தமிழ்ப் பெயர் உள்ள கோப்புகளில் மஞ்சள் புள்ளி ஒட்டினேன். மஞ்சள் புள்ளி என்றால் ஆடியில் தேதி கிடையாது, ஆவணி பிறந்ததும் முதல் தேதி. பல ஆண்டு ஒரு புகாரும் வரவில்லை. புது வாடிக்கையாளர்களிடம் மிஸ்டர் லிம் என் சுவரைக் காட்டி, "எங்கள் பரம் எல்லாம் பார்த்துத்தான் தேதி தருவார்" என்று சொல்வார். அவர் வாயிலிருந்து அத்தனை சொற்கள் வந்தது எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மையைச் சொன்னால், தலைக்கனம்.

அப்படித்தான் செல்வராணியின் கோப்பு வந்தது. செல்வராணி, தகப்பன் பெயர் மாணிக்கம். கிளமெண்டி பக்கம் அப்பா விட்டுப்போன வரிசை வீடு. பதினான்கு தகடு, ஒரு பேட்டரி. ஜூன் கடைசியில் அனுமதி வந்துவிட்டது. ஆறு பேரும் ஒத்துவந்த முதல் நாள் ஆடி மூன்று. மஞ்சள் புள்ளியை ஒட்டினேன், அந்த நாளை வேறொருவருக்குக் கொடுத்தேன், செல்வராணியை ஆவணிக்குத் தள்ளினேன். அவரைக் கேட்கவில்லை. கேட்காமலே புரிந்துகொள்வதுதானே என் சேவை.

இரண்டு தடவை போன் செய்தார். அடக்கமான குரல்.

"மேடம், பர்மிட் வந்திடுச்சுன்னு சொன்னாங்க. டேட் எப்ப கிடைக்கும்?"

"கவலையே படாதீங்க. ஆடி முடியட்டும். ஆவணி பொறந்ததும் மொத வேலை உங்க வேலைதான்."

"ஆடி முடிஞ்சுதானா?" என்றார்.

"ஆமாங்க. அதெல்லாம் நாங்க பார்த்துத்தான் செய்வோம்."

"சரிங்க மேடம்," என்று வைத்துவிட்டார். இரண்டாம் தடவையும் இதே பேச்சுதான். இரண்டு தடவையும் நான் திருப்தியாகப் போனை வைத்தேன்.

ஆடிப் பதினெட்டு, புதன்கிழமை. எங்கள் எலக்ட்ரீஷியன் ரவி, ஆவணி வேலைக்காகச் சுவரையும் மெயின் பெட்டியையும் பார்த்துவர அந்த வீட்டுக்குப் போயிருந்தார். பதினொரு மணிவாக்கில் எனக்குப் போன்.

"அக்கா, இந்த வீட்டுக்கு ஏன் ஆவணி போட்டீங்க?"

"தமிழ் வீடு. மஞ்சள் புள்ளி."

"அக்கா, ஹால்ல ஆளுயரத்துக்கு மாதா படம் மாட்டியிருக்கு."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"அதுக்குக் கீழ ஆஸ்பத்திரி கட்டில் ஒண்ணு போட்டிருக்காங்க. புதுசா விரிச்சு வச்சிருக்கு. ஆள் இல்ல. அவங்க புருஷனுக்காம். மூச்சு மெஷின்ல இருக்காராம். கரண்ட் போனாலும் மெஷின் நிக்காதுன்னு காட்டினாத்தான் வீட்டுக்கு அனுப்புவோம்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்களாம். அதுக்குத்தான் இந்த பேட்டரி. நம்மகிட்ட யாரும் சொல்லலியா அக்கா?"

யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. மனுவில் பேட்டரி எந்தச் சுவரில் என்று ஒரு கட்டம் உண்டு. எதற்கு என்று கட்டம் கிடையாது.

எழுந்து மிஸ்டர் லிம் அறைக்குப் போனேன். ரவி சொன்ன எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். ஆடி மூன்றாம் தேதி நாள் இருந்ததையும், அதை நானே வேறொருவருக்குக் கொடுத்ததையும் சொன்னேன். வழக்கம்போலத் தாளைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"வீட்டில் யார்?" என்றார்.

"அந்தம்மா மட்டும். அவர் கணவர் ஆஸ்பத்திரியில. நரம்பு வியாதி. சரியாகாதாம்."

"எவ்வளவு நாள்?"

"மாசக்கணக்கு இல்ல, வாரக்கணக்குன்னுதான் டாக்டர் சொன்னாராம்."

அவர் அனுமதித் தாள்களை எடுத்துவரச் சொன்னார். ரவியைப் போனில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். தகடு மாட்டச் சாரம் வேண்டும், சாரம் ஆவணிவரை இல்லை. மீட்டர்காரர்களும் அப்படியே. ஆனால் பேட்டரிக்கு அனுமதி தனித் தாளில் இருந்தது. பேட்டரியை மட்டும் மாட்டி, வீட்டுக் கரண்டிலேயே நிரப்பிக்கொள்ளலாம். அதற்கு ரவியும் தூக்க இரண்டு பேரும் போதும்.

"ஒரு வீடு, இரண்டு தடவை," என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை ரவி போக வேண்டிய வீட்டுக்காரரை அவரே போனில் கூப்பிட்டார். "சாரி, வெள்ளி முடியாது. ஒருத்தர் வீட்டுக்கு வர வேண்டியிருக்கு." வைத்துவிட்டு என்னிடம், "நீ போய்ச் சொல். இன்றைக்கே. போனில் வேண்டாம்," என்றார்.

கிளமெண்டியில் இறங்கி நடந்தேன். இருபது வருடம் லிஃப்டில் மாட்டியவர்களிடம் பேசியவளுக்கு அந்த வீட்டு மணியை அடிக்கக் கை வரவில்லை. செல்வராணிக்கு என் வயதுதான் இருக்கும். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பத் தயாராகச் சேலையில் இருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"உங்க பேரைப் பார்த்து நீங்க இந்துன்னு நெனச்சுட்டேன். ஆடியில வேலை வேணாம்னுவீங்கன்னு, ஆடி மூணாம் தேதி கிடைச்ச நாளை நானே தள்ளி வச்சுட்டேன். தப்பு என்னோடது," என்றேன்.

அவர் சுவரில் இருந்த மாதா படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"ஐசி கார்டுல அப்பா வச்ச பேருதான். கோயில்ல எனக்கு மேரி," என்றார். பிறகு, "நான் வேற நெனச்சேன் மேடம்," என்றார்.

"என்ன நெனச்சீங்க?"

"உங்க ஆளுங்க ஆடியில கூரை ஏற மாட்டாங்க போலன்னு நெனச்சேன். அவங்க நம்பிக்கை, நாம போய் எப்படி வற்புறுத்தறது? அதான் பொறுத்துக்கிட்டேன்."

எங்கள் ஆட்கள் மூவர் வங்காளதேசத்துக்காரர்கள், ஒருவர் ஈப்போ சீனர், ஒருவர் ராமநாதபுரம், ஒருவர் மணிப்பூர். ஆடியில் கூரை ஏற மாட்டேன் என்று அவர்களில் ஒருவரும் சொன்னதில்லை. நான் இவருக்காகப் பார்த்தேன், இவர் அவர்களுக்காகப் பார்த்தார். இடையில் ஒரு மனிதர் ஆஸ்பத்திரி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். சிரிக்க வேண்டிய விஷயம்தான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

"வாடகைக்கு ஒரு சின்ன பேட்டரி பெட்டி தர்றாங்கன்னு நர்ஸ் சொன்னாங்க. அதுக்கும் வெயிட்டிங் லிஸ்ட்," என்றார். "இப்ப எப்ப வருவீங்க?"

"வெள்ளிக்கிழமை. காலையில பத்தரைக்கு."

ஆடி வெள்ளி, ராகு காலம். என் நாட்காட்டியில் அதைவிட மோசமான நேரம் அந்த மாதத்தில் கிடையாது. அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

வெள்ளிக்கிழமை நானும் போனேன். கேட்டைத் திறக்க ஆள் இருக்கிறதா என்று பார்க்க என்று அலுவலகத்தில் சொல்லிக்கொண்டேன். இரண்டு பேர் பேட்டரியைத் தூக்கி, வரைபடத்தில் போட்ட சுவரில், போட்ட உயரத்தில் மாட்டினார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு மூச்சு மெஷினோடு வந்தார். காலியான கட்டிலுக்குப் பக்கத்தில் அதை வைத்து ஓடவிட்டார். ரவி வெளியே போய் மெயினை அணைத்தார். மின்விசிறி நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி தெளிவாகக் கேட்டது. மெஷின் மட்டும் புஸ், புஸ் என்று ஓடிக்கொண்டிருந்தது. நர்ஸ் அரை மணிநேரம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அரை மணியும் செல்வராணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஆளில்லாத தலையணையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நர்ஸ் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை அவர் கணவர் சேவியர் வீட்டுக்கு வந்தார்.

நான் அவரை ஒரு தடவைதான் பார்த்தேன். ஆவணியில், சொன்ன தேதியில், தகடு மாட்டப்போன அன்று. மேலே பிடிமானம் முடுக்கும் சத்தம் வீட்டையே உலுக்கியது. அவருக்கு அசைவது கண் மட்டும். ஒரு அட்டையில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். செல்வராணி விரலை நகர்த்துவார், சரியான எழுத்தில் அவர் கண்ணை மூடித் திறப்பார். என்னைப் பார்த்ததும் நாலு எழுத்து காட்டினார். செல்வராணி வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"என்ன சொல்றாரு?"

"ஏ, ஏ, டி, ஐ. ஆடி. இவங்கதான் ஆடியான்னு கேக்கிறாரு மேடம்."

நான்தான் என்றேன். அவர் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். அது எந்த எழுத்துக்கும் இல்லை. பிறகு பொறுமையாக அட்டையில் எழுத்துக்கூட்டி, எத்தனை தகடு என்று கேட்டார். பதினான்கு என்றேன். வேலை முடிகிறவரை மேலே கேட்ட சத்தத்தையே கவனித்துக்கொண்டு படுத்திருந்தார்.

அன்று மாலை அலுவலகத்துக்குத் திரும்பி எல்லாக் கோப்புகளிலிருந்தும் மஞ்சள் புள்ளிகளை உரித்தேன். அதன் பிறகு தேதி கேட்டு யார் போன் செய்தாலும், பேட்டரி எதற்கு, வீட்டில் யார் யார், எந்த நாள் ஆகாது என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். சிலர் எரிச்சல்பட்டார்கள். ஒருவர் நான் காப்புறுதி பாலிசி விற்கிறேன் என்று நினைத்துப் போனை வைத்துவிட்டார்.

சேவியர் இறந்த செய்தியை ரவிதான் சொன்னார். மாதா கோயிலில் நடந்த இறுதித் திருப்பலிக்கு மிஸ்டர் லிம்மும் வந்திருந்தார். எங்கே உட்காருவது, எப்போது எழுந்து நிற்பது என்று இருவருக்கும் தெரியாததால் கடைசி பெஞ்சில் இருந்துகொண்டு முன்னால் இருப்பவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தோம். முடிந்ததும் எல்லோரும் வரிசையாகப் போய்ச் செல்வராணியின் கையைப் பிடித்துவிட்டு நகர்ந்தார்கள். என் முறை வந்தது.

"முப்பத்தெட்டு நாள் வீட்ல இருந்தாரு," என்றார்.

"ஆமாங்க."

"அம்பத்தஞ்சா இருந்திருக்கும்."

ஆடி மூன்றுக்கும் இருபதுக்கும் இடையில் பதினேழு நாள். அந்தக் கணக்கை நானும் பல தடவை போட்டிருந்தேன், அவரும் போட்டிருக்கிறார். அவர் குரலில் கோபம் இல்லை. என்னைத் தேற்றுவதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அது அவரிடம் இன்னும் ஒன்றைக் கேட்பது போல இருந்ததால் சொல்லவில்லை.

"ஆமாங்க. அம்பத்தஞ்சு," என்றேன்.

அவர் என் கையை விடவில்லை. நானும் நகரவில்லை. பின்னால் வரிசை வாசல்வரை நின்றிருந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள்.